பாப்ளர் மரங்களுக்குப் பக்கத்தில் விழும் முள்

என் அண்ணன் கல்மிர்சாவுக்கு வண்டி என்றாலே பிடிக்காது. என் வண்டி என்றால் சுத்தமாகப் பிடிக்காது. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். அப்பாவின் ஓட்டக் குதிரையை விற்றுத்தான் அதை வாங்கினோம். அப்பா போன அடுத்த வசந்தத்தில் குதிரையை விற்றது நான், சரி என்று தலையாட்டியது அண்ணன். தலையாட்டிய நாளிலிருந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருப்பதும் அண்ணன்தான்.

வண்டி ஜப்பானிலிருந்து வந்தது. ஸ்டியரிங் வலது பக்கம், எஞ்சினில் டர்போ. டர்போ எவ்வளவு காற்றை உள்ளே திணிக்கிறது என்று காட்ட ஒரு மீட்டரை முன்னால் ஒட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்திலிருந்து மேலே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒரே நேர் மேடு. பாலத்தில் மூன்றாம் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தால் முள் கிடுகிடுவென்று ஏறி ஒன்றில் நிற்கும். எனக்கும் நெஞ்சு நிமிரும். அப்புறம் பாப்ளர் மர வரிசை வரும். அங்கே ப்ஷ்ஷ் என்று ஒரு சத்தம் கேட்கும், முள் பொத்தென்று விழும். மரங்கள் தாண்டியதும் மறுபடி ஏறும். இரண்டு வருடமாக இதே கதை. மற்ற சாலைகளில் போலீஸ்காரன் நிற்பான், அங்கே எவன் அடிவரை மிதிப்பான்?

ஒருநாள் அண்ணன் பக்கத்தில் இருந்தபோதும் முள் விழுந்தது.

"அப்பாவோட குதிரை இந்த மேட்டுல என்னிக்காவது மூச்சு வாங்கிருக்காடா?" என்றான்.

"இல்லண்ணே."

"உன் டப்பா வாங்குது. தினம் வாங்குது. அதுவும் ஒரே இடத்துல வாங்குது."

அடுத்த வாரமே பக்கத்து டவுன் தொக்மொக்கிலிருந்து ஓர் ஆளைப் பிடித்துவிட்டான். வண்டியைக் கொடுத்தால் மூன்று வயதுப் பொலிகுதிரை ஒன்றைத் தருவாராம். ஞாயிற்றுக்கிழமை மதியம் குதிரையோடு தொட்டிக்கே வருவாராம்.

"பாலத்துலேர்ந்து தொட்டி வரைக்கும் உன் முள்ளு ஒன்னுலயே நின்னா, வண்டி உன்னுது, நான் வாயே திறக்க மாட்டேன்," என்றான் அண்ணன். "விழுந்துச்சு, சாவியைக் கொடுத்துட்டுக் குதிரையில வீட்டுக்கு வா."

அந்த வண்டி மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று என் மனைவியிடம் கேட்டால் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

நேராக ஷப்தானிடம் ஓடினேன். ஷப்தான் என் பள்ளித் தோழன். ஒரு பழைய கண்டெய்னரில் பட்டறை வைத்திருக்கிறான். உப்புத் தயிர் உருண்டையை எந்நேரமும் கன்னத்தில் அதக்கிக்கொண்டு பேசுவான், பாதி புரியாது. மீதிப் பாதி திட்டு.

"உன் வண்டியில இருக்கறது ஸ்ப்ரிங் வச்ச பழைய கட்டுப்பாடு மாப்ளே, சோம்பேறிப் பய," என்றான். "டர்போவுல அழுத்தம் மிஞ்சினா புகையை வெளியே விட ஒரு குட்டிக் கதவு இருக்கு. ஸ்ப்ரிங் அதைக் கண்ட நேரத்துல திறந்து விட்டுடுது. எலெக்ட்ரானிக் பெட்டி போட்டுட்டா அது சொல்றப்பதான் கதவு திறக்கும். முள்ளு ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

அந்த வார்த்தை என் காதில் தேனாகப் பாய்ந்தது.

சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தோம். ஷப்தான் இடது சீட்டில் மீட்டரைப் பார்த்தபடி, நான் ஸ்டியரிங்கில். பெட்டியின் ஒயர் இன்னும் ஒழுங்காகக் கட்டப்படாததால் அதைக் கையில் பிடித்துக்கொள்ளப் பின்சீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்துப் பட்டறை வெல்டர் வலேராவை ஏற்றிக்கொண்டோம். ரஷ்யக்காரர், பிறந்ததிலிருந்து எங்கள் ஊர்தான், ரொம்ப மரியாதையான மனுஷன். ஒரு பாட்டில் மாக்ஸிமோடு, அதான் எங்கள் ஊர்ப் புளித்த தானியக் கூழ், ஏறி உட்கார்ந்தார்.

பெட்டியோடு வந்த சோலனாய்டு என்கிற மின் வால்வுக்கு மூன்று வாய். எந்த வாயில் எந்த ரப்பர் குழாய் என்று எனக்குத் தெரியாது. ஷப்தானுக்குத் தெரியும் என்று ஷப்தான் சொன்னான். பாலத்தில் மிதித்தேன். முள் ஒன்றைத் தாண்டியது, ஒன்றரைக்குப் போனது, எஞ்சின் பயந்துபோய்ப் பெட்ரோலையே நிறுத்திவிட்டது. வண்டி எகிறிய எகிறலில் வலேராவின் தலை கூரையில் இடித்தது, மாக்ஸிம் முழுவதும் என் பிடரியில்.

"குழாய் ரெண்டும் மாறிப் போச்சு," என்றான் ஷப்தான் நிதானமாக. "கதவு திறக்கவே இல்ல. நல்லதுதான், எஞ்சின் எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சுபோச்சு."

"எனக்கும் தெரிஞ்சுபோச்சு," என்றார் வலேரா தலையைத் தடவியபடி.

குழாய்களை மாற்றிப் போட்டு, பழைய ஸ்ப்ரிங்கையும் தளர்த்திவிட்டு, குறைந்த அளவிலிருந்து தொடங்கினோம். பெட்டியில் இருபது சதவீதம் வைத்தால் முள் முக்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. முப்பது வைத்தோம், இன்னும் ஏறியது. முப்பத்தெட்டில் கச்சிதமாக ஒன்று. "பார்த்தியா, பார்த்தியா!" என்று ஷப்தான் என் தொடையில் அடித்தான். நான் சந்தோஷத்தில் கத்தினேன். பாப்ளர் மரங்கள் வந்தன. ப்ஷ்ஷ். முள் பொத்தென்று விழுந்தது.

ஷப்தான் உருண்டையைத் துப்பிவிட்டான். அவன் துப்பி நான் பார்த்ததே இல்லை.

"குழாய்தான் கசியுது. சத்தம் கேட்டுச்சுல்ல?"

குழாய்களை மாற்றினோம். மறுபடி ஓட்டம், விழுந்தது. கிளாம்புகளை மாற்றினோம், விழுந்தது. வேறு வண்டியிலிருந்து சோலனாய்டைக் கழற்றி மாட்டினோம், அதுவும் விழுந்தது. எர்த் ஒயரைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கினோம். பளபளவென்றே விழுந்தது.

"மேல பெரிய கரன்ட் கம்பி போகுது பாரு," என்றான் ஷப்தான், வானத்தைப் பார்த்துக்கொண்டே. "அது பெட்டியைக் கெடுக்குது."

"இத்தனை நாளா பெட்டியே இல்லடா, அப்பவும்தானே விழுந்துச்சு!"

"அப்ப ஸ்ப்ரிங்கைக் கெடுத்திருக்கும்."

தின்ன வாங்கிய இறைச்சி சாம்ஸாவைச் சுற்றி வந்த அலுமினியத் தாளைப் பெட்டியின் மேல் சுற்றினான். வலேரா அந்த வெள்ளிப் பொட்டலத்தைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி மிதித்தேன். மறுபடி ப்ஷ்ஷ். நான் வண்டியை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டேன். உண்மையில் அழுகை வந்தது. நாளைக்கு இந்நேரம் குதிரை மேல் உட்கார்ந்து கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போக வேண்டும், அதைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

பின்னால் வலேரா தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கப்பா," என்றார். "அந்த இடத்துல நீங்க ரெண்டு பேரும் முகத்தைத் தடவிக்கறீங்கல்ல, அப்பதான் விழுது."

"என்ன தடவறோம்?"

"அதான், ஓமின் சொல்லிக் கும்பிடறீங்களே. வலது பக்கம் கல்லறைத் தோட்டம் வருதுல்ல. உன் அப்பா அங்கதானே இருக்கார் எர்மெக். நீ ரெண்டு கையையும் தூக்கறே, கூடவே காலும் மேல வந்துடுது. ஷப்தானும் கண்ணை மூடிக்கறான். நான் மட்டும்தான் முழிச்சிட்டு இருக்கேன்."

நான் மரங்களுக்கு அப்பால் பார்த்தேன். செங்கல் குவிமாடங்கள், இரும்புப் பிறைகள், அப்பாவின் நீலக் கம்பிவேலி. இரண்டு வருடமாக ஒவ்வொரு தடவையும் கும்பிட்டுத்தான் போயிருக்கிறேன். மூச்சு விடுவதை எவன் கவனிக்கிறான்?

"யோவ் வலேரா!" ஷப்தான் பின்பக்கம் திரும்பிக் கத்தினான். "ஒன்பது ஓட்டம் ஓடியாச்சு! முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சாமி கும்பிடற நேரத்துல நடுவுல எப்படிப்பா பேசறது? நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. பெட்டியில் பழுதில்லை, குழாயில் பழுதில்லை, பழுது என் காலில். நாளைக்கு வண்டி மிஞ்ச வேண்டுமென்றால் அப்பாவைப் பார்க்காத மாதிரி போக வேண்டும்.

ஷப்தான் வழி சொல்ல ஆரம்பித்தான். பெல்ட்டால் காலைக் கட்டலாம் என்றான். பெடல் மேல் செங்கல் வைக்கலாம் என்றான். செருப்பைப் பெடலோடு சேர்த்து வெல்டிங் அடித்துத் தருவதாக வலேரா சொன்னார், அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். நான் இருவரையும் இறக்கிவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனேன்.

அப்பாவின் வேலிக்குப் பக்கத்தில் குந்தி முழுசாக ஓதினேன். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். டர்போ என்றால் என்ன, கதவு என்றால் என்ன, முப்பத்தெட்டு சதவீதம் எதற்கு என்றெல்லாம் விளக்கினேன். குதிரையைத் தவிர வேறெதையும் மதிக்காத மனுஷன். என்ன புரிந்திருக்குமோ தெரியவில்லை.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் விட்டுடுங்கப்பா," என்றேன். "நாளைக்கும் சேர்த்து இப்பவே சொல்லிட்டேன். மனசுக்குள்ளயும் சொல்லிக்கறேன். கையை மட்டும் தூக்க மாட்டேன்."

ஞாயிறு மதியம் அண்ணன் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, வெள்ளைத் தொப்பியோடு வந்து இடது சீட்டில் உட்கார்ந்தான். எங்கள் இருவரைத் தவிர வண்டியில் யாரும் இல்லை. மேலே தொட்டிக்குப் பக்கத்தில் தொக்மொக்காரர் பழுப்புக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது சின்னதாகத் தெரிந்தது.

"எது ஒன்னு?" என்றான் அண்ணன்.

விரலால் காட்டினேன்.

"சரி. என் கண்ணு இதுலயேதான் இருக்கும். ஏமாத்த நினைக்காதே."

பாலம். மூன்றாம் கியர். மிதித்தேன். முள் ஏறி ஒன்றில் போய் உட்கார்ந்தது, அசையவில்லை. ஷப்தான் சொன்னது நிஜம், ஆணி அடித்த மாதிரிதான் நின்றது. அண்ணன் மூக்கு மீட்டரை இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தான். பாப்ளர் வரிசை வேகமாக வந்தது. தூக்காதே, தூக்காதே, தூக்காதே என்று பல்லைக் கடித்தேன். ஸ்டியரிங்கை நசுக்கிப் பிடித்தேன். நீலக் கம்பிவேலி கண்ணோரத்தில் பட்டது.

கை தானாக எழும்பிவிட்டது. இரண்டு உள்ளங்கையும் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் இறங்கின. ப்ஷ்ஷ்.

கண்ணைத் திறந்தபோது முள் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. மறுபடி மிதித்தேன். மரங்கள் தாண்டுவதற்குள் ஒன்றுக்கு வந்து நின்றுகொண்டது. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் இரண்டு கைகளும் அப்போதுதான் முகத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தன.

தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அண்ணன் மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"விழுந்துச்சா?" என்றான்.

"நீ பார்க்கலையா?"

"அப்பாவைத் தாண்டறப்ப முள்ளையாடா பார்த்துட்டு இருப்பேன்? நீ சொல்லு. விழுந்துச்சா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்பாவைக் கும்பிட்ட கை இன்னும் சூடு ஆறவில்லை. அவர் பிள்ளையிடமே புளுக எனக்கு வாய் வரவில்லை.

"விழுந்துச்சுண்ணே. நான் காலை எடுத்துட்டேன்."

சாவியை உருவி அவன் மடியில் வைத்தேன். அண்ணன் இறங்கிப் போய்த் தொக்மொக்காரரிடம் ஏதோ சொன்னான். அவர் கையை விரித்தார், சத்தம் போட்டார், கடைசியில் குதிரையில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அண்ணன் வலது பக்கக் கதவைத் திறந்தான்.

"நீ காலை எடுக்காம போயிருந்தேன்னு வை," என்றான், "வண்டியையும் பிடுங்கிட்டு உன்னை இங்கேயே போட்டு மிதிச்சிருப்பேன். தள்ளி உட்காரு."

நான் இடது சீட்டுக்கு நகர்ந்தேன். மூக்கை உறிஞ்சியதை அவன் பார்க்காத மாதிரி இருந்தான். சீட்டை முன்னால் இழுத்தான், கண்ணாடியைத் திருப்பினான், மீட்டரைத் தட்டிப் பார்த்தான்.

"இந்தப் பெட்டியில ஒன்னுக்கு மேல வைக்க முடியாதாடா?" என்றான்.