முப்பத்தெட்டாவது தட்டு

ஊசி போட்டு எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது. அடுத்த ஊசிக்கு இன்னும் பதின்மூன்று நாள். இதைப் பாட்டக்கா எங்கும் குறித்து வைப்பதில்லை. காலையில் முகம் கழுவும்போது இமைகளே சொல்லிவிடும்.

முதல் ஒன்பது வாரம் அவளும் எல்லோரையும் போல ஒரு மனுஷி. பத்தாவது வாரத்தில் மருந்தின் பிடி தளரும். இமைகள் படபடக்கும், பிறகு இறுகும், பிறகு யாரோ உள்ளிருந்து தாழ் போட்டதுபோல மூடிக்கொள்ளும். இந்த முறை தாடையும் சேர்ந்துகொண்டது. பேச்சின் நடுவே வாய் ஒரு பக்கமாக இழுத்தது. பற்கள் தாமாக நெரித்தன. டீயை ஆறவைத்து ஸ்ட்ரா போட்டுக் குடித்தாள்.

"பதிமூணு நாள்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடு," என்றார் கணவர். ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். எதற்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவர்.

"அதைத்தான் இந்தத் தாடை சொல்லாமலே செய்யுதே."

அவர் சிரித்தார். சிரித்தது தப்போ என்று உடனே அவள் முகத்தைப் பார்த்தார். கண்கள் மூடியிருந்தன.

"கோவமா?"

"இல்லங்க. மூடிக்கிச்சு."

"ஊசியை முன்னாடியே போடச் சொல்லக் கூடாதா?"

"கேட்டேன். அடிக்கடி போட்டா மருந்து பிடிக்காமப் போயிடுமாம்."

"அப்ப லீவு போடு."

"என்னன்னு எழுதி? கண்ணுன்னு எழுதினா அப்புறம் அந்த ரூம் பக்கமே விட மாட்டாங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்ப்பவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்திருக்கும். பாசமும்தான். ஆனால் அவர் பிடிக்காவிட்டால் அவளால் சாலையைக் கடக்க முடியாது.

பாட்டக்காவின் வேலையே பார்ப்பதுதான். ஊசி மருந்து செய்யும் தொழிற்சாலையில், நிரப்பி மூடிய குப்பிகளில் தூசியோ நாரோ கண்ணாடித் துணுக்கோ இருக்கிறதா என்று பார்க்கும் அறை. குப்பிகள் எண் அட்டை வைத்த தட்டுகளில் வரும். மேசைக்கு இரண்டு பேர். முன்னால் ஒரு விளக்கு, ஒரு கறுப்புப் பலகை, ஒரு வெள்ளைப் பலகை. முதலாமவள் குப்பியை மெல்லச் சுழற்றிக் கறுப்புக்கு முன்னால் ஐந்து நொடி பிடிப்பாள்; வெளிர் நிறத்தில் எது மிதந்தாலும் அங்கே தெரியும். பிறகு அடுத்தவள் அதை வெள்ளைக்கு முன்னால் பிடிப்பாள். கருமையான துகள்கள் அங்கே தெரியும். மணிக்கு ஒரு முறை பக்கம் மாறுவார்கள். எந்த மணியில் யார் எந்தப் பக்கம் என்பது பதிவேட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்.

தலை முதல் கால்வரை உடுப்பு, முகத்தில் மாஸ்க். கண் மட்டும் வெளியே. உள்ளே போய்விட்டால் முகத்தைத் தொடக் கூடாது. மற்றவர்களுக்கு அது மூக்கரிக்கும்போது ஒரு தொல்லை, அவ்வளவுதான். பாட்டக்காவுக்கு அப்படியில்லை. நெற்றிப்பொட்டில் ஒரு விரல் வைத்தால் அவள் இமை திறக்கும். ஏன் என்று டாக்டருக்கே முழுதாகத் தெரியாது. சிலருக்கு அப்படி ஒரு தந்திரம் வாய்க்குமாம். அவளுக்கு இரண்டு வாய்த்திருந்தன. விரலை அறை தடுத்தது. மிச்சமிருந்தது பாட்டு. மாஸ்க்குக்குள் மெல்ல முனகினால் இமைகள் கொஞ்சம் இளகும். வார்த்தையில்லாத ஏதோ ஒரு மெட்டு. அதனால்தான் அவள் பாட்டக்கா. சந்தோஷமான பொம்பளை, எப்போதும் பாடிக்கொண்டே இருக்கிறாள் என்று அறையே பேசிக்கொண்டது.

நோய்க்குப் பெயர் கிடைக்கவே மூன்று வருடம் ஆனது. ஒருவர் கண் வறட்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார். ஒருவர் கண்ணாடியை மாற்றினார். ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மனசுல என்னம்மா பாரம்?" என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். மூன்று வருடம் கண் திறக்காததுதான் பாரம். கடைசியாகப் பார்த்த நரம்பு டாக்டர் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தபோது, கண்கள் சமர்த்தாகத் திறந்துகொண்டன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் அம்மா, "பரவாயில்ல, வெளியே போய் உட்காருங்க," என்று அனுப்பிவிட்டு, கால் மணி நேரம் கழித்து வராந்தா ஓரமாக வந்து நின்று பார்த்தார். அங்கே பாட்டக்கா கண்ணை மூடி, வாயைக் கோணி, விரலை நெற்றியில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"இது டிஸ்டோனியா," என்றார். "கண்ணுல ஒரு குறையும் இல்ல. மனசுலயும் இல்ல. இமையை மூடுற தசைக்கு மூளை ஓயாம உத்தரவு அனுப்புது. நீங்க மூடல, அதுவா மூடுது. சிலருக்கு அப்படியே கன்னம், தாடைன்னு இறங்கும். முழுசாக் குணமாக்க முடியாது. ஆனா ஊசி போட்டு அடக்கி வைக்கலாம்."

வேலையிடத்தில் இது யாருக்கும் தெரியாது. வருடாந்தரக் கண் பரிசோதனையில் அவள் கடைசி வரிவரை வாசிப்பாள். அறையிலேயே நல்ல கண் அவளுடையது என்று கோப்பில் இருக்கிறது.

அன்று காலை சூப்பர்வைசர் உடுப்பு மாற்றும் இடத்திலேயே எல்லோரையும் நிறுத்தினார். "முந்தாநாள் போன சரக்குல மாதிரி எடுத்துப் பார்த்திருக்காங்க. மூணு குப்பியில வெள்ளை நார். மூணும் ஒரே தட்டு. முப்பத்தெட்டு. ஒண்ணு தவறலாம், மூணு தவறாது. யாரோ பார்க்கவே இல்ல." அவர் கண் ஒரே ஆளிடம் போய் நின்றது. "மொத்தச் சரக்கையும் திரும்பப் பார்க்கணும். மூணு மணிக்கு விசாரணை."

அவர் பார்த்தது, கொட்டாவி என்று எல்லோரும் கூப்பிடுகிறவளை. பாட்டக்காவின் மேசைக்காரி. வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ஒன்று தூங்கினால் மற்றது எழுந்துகொள்ளும். அவள் கொட்டாவி விட்டால் மாஸ்க் உள்ளே போய் வெளியே வரும். பதிவேட்டின்படி முப்பத்தெட்டாவது தட்டு போன பத்தரை மணிக்குக் கறுப்புப் பக்கம் அவள்.

பதிவேட்டின்படி. பாட்டக்கா அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பலகையின் வெளிச்சம் பட்டால் அவள் இமை இன்னும் இறுகும். அதனால் இந்த ஒரு வாரமாக, "வெளிச்சம் கூசுது, கொஞ்சம் மாறி உட்காரலாமா?" என்று நடுவில் கேட்பாள். கொட்டாவி ஏன் எதற்கென்று கேட்காமல் எழுந்துகொள்வாள். அப்படி மாறியதை யாரும் எழுதியதில்லை. முந்தாநாள் பத்தேகாலுக்கும் அப்படித்தான் மாறினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கோடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாட்டக்கா சோற்றைக் குழைத்துச் சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட்டாள்.

"என்னக்கா, குழந்தைக்கு ஊட்டுற மாதிரி உனக்கு நீயே ஊட்டிக்கிற?"

"பல்லு வலி." இத்தனை வருடத்தில் இது எத்தனையாவது பொய் என்று அவளுக்கே கணக்கில்லை. "விசாரணையில என்ன சொல்லப் போற?"

"என்னத்தைச் சொல்றது? தூங்கிட்டேன் போலிருக்கு."

"தூங்கினதா ஞாபகம் இருக்கா?"

"தூங்கினவளுக்கு என்னக்கா ஞாபகம் இருக்கும்?" கொட்டாவி சிரித்தாள், சிரிப்பு பாதியில் கொட்டாவியானது. "நாம வேற மாறி மாறி உட்கார்றோம். எந்தத் தட்டுல யாரு எங்கேன்னு எனக்குச் சுத்தமாத் தெரியல. பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கு. நானே என்னை நம்பல, அவங்க எப்படி நம்புவாங்க? பஸ்ல நின்னுக்கிட்டே தூங்குறவ நான்."

"வேலை?"

"போன தடவையே எழுதி வாங்கிட்டாங்க. இன்னொரு தடவைன்னா ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டாங்களாம்." டப்பாவை மூடினாள். "விடுக்கா. வீட்டுல கிடந்து ஒரு வாரம் தூங்குறேன். அப்புறம் அழுதுக்கிறேன்."

சொல்லிவிடலாம் என்று பாட்டக்கா வாயைத் திறந்தாள். தாடை இழுத்துக்கொண்டது. அது அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அடங்கியிருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம்.

மூன்று மணிக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். சின்ன அறை, சுவர் முழுக்கக் கோப்பு. சூப்பர்வைசரும் தரப் பிரிவு அதிகாரியான ஒரு மேடமும் இருந்தார்கள். மேசையில் அந்த மூன்று குப்பிகள். கொட்டாவியின் முன்னால் ஒரு தாள். பேனாவையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

"ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் உங்களைக் கூப்பிட்டோம்," என்றார் மேடம் பாட்டக்காவிடம். "உங்க கண் ரிப்போர்ட் பார்த்தேன். இந்த வயசுலயும் பிரமாதம். நீங்க பக்கத்துலயே இருந்தவங்க. அந்த நேரம் இவங்க தூங்கினாங்களா?"

வெளிச்சம் ஜன்னலிலிருந்து நேரே முகத்தில் விழுந்தது. இமைகள் இறங்கின. பாட்டக்கா நெற்றியைச் சுருக்கித் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. இங்கே தொடலாம், இது அந்த அறையில்லை என்பது மெல்லத்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் கை எழவில்லை. களைப்பாக இருந்தது. வருடக்கணக்காக இமையைத் தூக்கிப் பிடித்த களைப்பு, அதை மறைத்ததால் வந்த இன்னொரு களைப்பு.

"தலையாட்டினாப் போதும்மா," என்றார் சூப்பர்வைசர். "சிநேகிதியைக் காட்டிக் கொடுக்குறமேன்னு நினைக்காதீங்க."

"பாவம், அழறாங்க," என்றார் மேடம்.

"அழல, மேடம்."

கொட்டாவி அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, நான் கையெழுத்துப் போட்டுர்றேன். நீ போ."

தாளில் பேனா முனை படும் சத்தம் கேட்டது. பாட்டக்கா கையை நீட்டி, தடவி, அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். தாடை ஒரு முறை நெரித்தது. விடும்வரை காத்திருந்தாள். அவசரப்படுத்தினால் அது இன்னும் இறுகும்.

"அவ தூங்கல," என்றாள். "பத்தேகாலுக்கு நாங்க பக்கம் மாறிட்டோம், எழுதல. கறுப்புப் பக்கம் இருந்தது நான்."

தாளை விடாமலே தொடர்ந்தாள்.

"குப்பியைச் சுத்தினேன், அஞ்சு நொடி பிடிச்சேன், அவகிட்ட தள்ளினேன். கை எல்லாத்தையும் செஞ்சுது. கடைசிக் குப்பியை வச்சப்பதான் இமை திறந்துச்சு, அட்டையில முப்பத்தெட்டுன்னு இருந்துச்சு. அந்தத் தட்டை நான் பார்க்கவே இல்ல, மேடம். இப்ப உங்களைப் பார்க்காத மாதிரி. என் கண்ணு மூடியிருந்துச்சு."