இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு

பேருந்து ஓட்டுநரின் வலது கண்ணுக்கு மருந்து விடுவது அவர் மனைவியின் வேலை. ஊராருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுக்கிற கை அது. ஊசியில் நூல் கோத்துப் பழகியதால் ஒரு சொட்டும் குறி தவறியதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. நடுவில் தையல் இயந்திரத்தை மிதிப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், எழுந்து போவாள்.

கடையில் வாங்குகிற சொட்டு இல்லை. ரத்தத்தை எடுத்து உறையவிட்டு இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கி, வைக்கோல் நிறத்தில் ஒரு தண்ணீர் மேலே நிற்குமாம். அதில் உப்புநீர் கலந்து, சுண்டுவிரல் உயரச் சீசாக்களில் அடைத்துக் கண் மருத்துவமனையில் கொடுப்பார்கள். வீட்டில் அவற்றை உறைநிலையில் வைத்திருந்து, தினம் ஒன்றைக் கரைய வைக்க வேண்டும். மறுநாள் மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும். வெந்துபோன கருவிழியின் மேல்படலத்துப் புண் எந்த மருந்துக்கும் மூடாமல் அடம்பிடித்ததால், இதையும் பார்த்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இதற்கும் மூடாவிட்டால் கருவிழி வெளுத்துவிடும். அத்தோடு ஓட்டுநர் வேலையும் போய்விடும். இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது. சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட வராது.

அவரவர் ரத்தத்தில் செய்வதுதான் வழக்கம். இவருக்கோ ரத்தசோகை, எடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். மனைவியின் ரத்தம் வேறு வகை. ஒத்துப்போனது கூடப்பிறந்த தம்பியின் ரத்தம் ஒன்றுதான். நாற்பத்தொரு வயதாகியும் அவன் எல்லோருக்கும் சின்னவன்தான். குழாய் வேலை செய்கிறவன். அந்தச் சின்னவன் முகத்தில் இனி விழிக்கவே மாட்டேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

அதற்குக் காரணம் இருப்பதாக அவர் நம்பினார். இரண்டு மாதத்துக்கு முன்பு சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டபோது, சின்னவன்தான் வந்து அதன் அடியில் படுத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்த அண்ணன் தாகத்தில் மேடைமேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திருகினார். உள்ளே இருந்தது தண்ணீரில்லை, அடைப்பு நீக்கும் திரவம். பிடி அழுந்தியதில் அது பீய்ச்சியடித்தது. சின்னவன் அண்ணனைக் குளியலறைக்கு இழுத்துப்போய், பிடரியைப் பிடித்துக் குழாய்க்கடியில் அமுக்கி அரைமணி நேரம் விடவேயில்லை. அந்த அரைமணி இல்லையென்றால் கண்ணே மிஞ்சியிருக்காது என்று மருத்துவர் பின்னால் சொன்னார்.

தண்ணீருக்கடியிலிருந்தே அண்ணன் கத்தினார். தண்ணி பாட்டிலில் விஷத்தை ஊற்றி வைக்கிறாயே, நீயெல்லாம் மனுஷனா என்றார். சின்னவன் அண்ணியை ஒரு பார்வை பார்த்தான்.

"தப்புதாண்ணே. நான்தான் வெச்சேன்."

வைத்தது அவள். திரவம் இருந்த கேன் ஒழுகுகிறதே என்று முந்தின நாள் மிச்சத்தைப் பழைய பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாள். தைக்க வரும் ஒவ்வொரு துணியிலும் ஆள் பெயரைச் சீட்டெழுதிக் குத்துகிறவளுக்கு, அன்றைக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை. சின்னவன் அப்படிச் சொன்னதும் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினாள். இந்த நாளை இருக்கிறதே, அது பொல்லாதது. தள்ளிப்போடத் தள்ளிப்போட வாய் இன்னும் கனத்துப்போகும்.

ரத்தம் வேண்டும் என்று கூப்பிட்டதும் சின்னவன் மறுபேச்சுப் பேசாமல் வந்து சட்டைக்கையைச் சுருட்டினான். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் கண்ணே வேண்டாம் என்று வீம்பு பிடிப்பார் என்றான். அவரிடம் நடந்ததைச் சொல்லிவிடட்டுமா என்று அவள் கேட்டாள். முதலில் கண் ஆறட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவளும் ரத்த வங்கியில் யாரோ கொடுத்தது என்று வீட்டில் சொல்லிவைத்தாள். முதல் பொய்க்கு ஒரு துணை கிடைத்தது.

கண்ணின் புண் மெல்ல மூட ஆரம்பித்தது. பாதிக்கு மேல் ஆறிவிட்டது, விடாமல் ஊற்றுங்கள் என்றார் மருத்துவர். ஓட்டுநருக்குத் தெம்பு வந்தது. தெம்போடு கோபமும் திரும்பி வந்தது.

"யாரோ பெத்த புள்ள எனக்கு ரத்தம் குடுக்கறான். கூடப்பொறந்தவன் கண்ண அவிச்சுட்டுப் போயிட்டான்," என்றார் ஒரு மதியம். தாளும் பேனாவும் எடுத்துவரச் சொன்னார். சின்னவன் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் புகார் எழுத வேண்டுமாம். இந்த ஆளை இனி எந்த வீட்டுக்குள்ளும் அனுப்பாதீர்கள் என்று எழுத வேண்டுமாம். வலது கண் கூசும்போது இடது கண்ணும் சேர்ந்து கலங்கியதால் அவரால் எழுத முடியாது. அவர் சொல்ல அவள் எழுதுவாள், அவர் கையெழுத்துப் போடுவார்.

'என் தம்பி' என்று ஆரம்பித்தார். அதை அடி, 'உங்கள் ஊழியர்' என்று போடு என்றார். அடித்துவிட்டுப் போட்டாள். திரவத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தவர் என்று அவர் சொன்ன இடத்தில் பேனா நின்றது. எதை வேண்டுமானாலும் எழுதி இவரிடம் கையெழுத்து வாங்கிவிடலாம், இவரால் படிக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு மாதமாக அதைத்தானே செய்கிறோம் என்றும் தோன்றியது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுதினாள்.

"எழுதினத படி," என்றார்.

"திரவத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தது என் மனைவி."

"என்னது?"

"நான்தாங்க ஊத்தி வெச்சேன். சின்னவன் எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டான். உங்க கண்ணுல விடறதும் அவன் ரத்தம்தான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. சொட்டு விடும் நேரம் வந்தது. அவள் சீசாவை எடுத்துவந்து, தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள்.

அவர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே குளிர்சாதனப் பெட்டியிடம் போனார். உறைந்திருந்த சீசாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து, ஐஸ் கட்டிகளோடு தன் சாப்பாட்டுப் பையில் போட்டார். கைபேசியை மூக்குவரை கொண்டுபோய், தேடிப்பிடித்து ஓர் எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே மறுபக்கம் எடுத்துவிட்டது.

"சின்னவனே," என்றார். "வந்து என்னக் கூட்டிட்டுப் போடா. இங்க எனக்கு மருந்து விட ஆள் இல்ல."

அவள் கரைந்த சீசாவைக் கையில் பிடித்தபடி அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.