இரண்டு சிவப்பு முனைகள்

அவள் அப்பாவின் காதருகே குனிந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா, முடிந்திருந்ததா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முடிந்துவிட்டது என்கிறாள் மகள். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது என்கிறான் மகன்.

அதற்கு நான்கு வருஷத்துக்கு முன் அப்பாவிடம், "உங்க குரலைக் கேட்டாலே எரிச்சலா இருக்கு" என்று போனை வைத்தவள் அவள். அதன்பின் அவர் கூப்பிடவேயில்லை. அப்பா போன அன்று காலை, கட்டிலின் இடப்பக்கத்தை ஆளுயர ஸ்பீக்கர் அடைத்துக்கொண்டு நின்றதால், வலப்பக்கம் முட்டி போட்டுச் சொன்னாள்: "அன்னைக்குச் சொன்னது தப்புப்பா." அவர் தலை லேசாக அசைந்தது. பத்து மணிக்கு மூச்சு நின்றது. அந்த அசைவை மடியில் முடிந்துகொண்டு, ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள். கால் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை.

"வர்றவங்க உட்கார இடம் வேணும். இந்தப் பூதத்தை முதல்ல வெளிய தள்ளணும்." அண்ணன், ஸ்பீக்கரை ஓட்டுகிற பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்தான். அதன் கண்ணாடி வால்வுகள் இன்னும் செக்கச்செவேலென்று எரிந்தன. "இதப் பாரு. ரெண்டு வயரையும் சிவப்பு முனையிலயே மாட்டி வெச்சிருக்காரு. கறுப்பு ரெண்டும் சும்மா கிடக்கு. கடைசில புத்தி பிசகிடுச்சு போல."

"வயரைத் தொடாதே!"

வாசலில் வால்வுக்காரர். ரேடியோ ரிப்பேர் செய்பவர், அப்பாவின் ஒரே சிநேகிதர்.

"முதல்ல சுவிட்சை அணை. ஸ்பீக்கர் இல்லாம ஓடினா ட்ரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சிரும். புத்தியெல்லாம் பிசகல தம்பி. நாங்க வேணும்னேதான் அப்படி மாட்டினோம். ரெண்டு ஸ்பீக்கருக்கான சக்தியை ஒண்ணாச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுறது. ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கும்."

"எதுக்கு? ஊரைக் கூட்டவா?"

"ஒரு காதுக்கு எதுக்கு ரெண்டு ஸ்பீக்கர்னார் உங்கப்பா."

மகள் நின்றாள். "எந்தக் காது?"

அவர் தரையைப் பார்த்தார். "வலது. சுத்தமாப் போயி ரெண்டு வருஷமாச்சு. வீட்ல சொல்லாதேன்னார். உங்கம்மாவுக்கே தெரியாது."

"தெரியாம என்ன?" என்றாள் கால்மாட்டில் இருந்த அம்மா. "அந்தப் பக்கம் நின்னுதானே திட்டுவேன்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"காலைல நான் பேசினப்போ பாட்டு ஓடிட்டிருந்துச்சா?" மகள் அண்ணனிடம் கேட்டாள்.

"ஓடிட்டுதான் இருந்துச்சு. தலைகூட ஆட்டினாரே. ஏன்?"

"இல்ல. முடிஞ்சிடுச்சு."

அவன் சுவிட்சை அணைத்தான். சூடு ஆறுகிற ஆம்ப்ளிஃபயர் தகரம் டிக், டிக் என்றது. இரண்டு பேர் ஸ்பீக்கரை நகர்த்திக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம். மகள் அதில் போய் உட்கார்ந்தாள். அப்பாவின் இடது காது அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேசவில்லை. தகரத்தின் சத்தம் ஓய்கிறவரை எழுந்திருக்கவுமில்லை.

அம்மா இப்போது மகனோடு இருக்கிறாள். வால்வுக்காரர் மாதம் ஒருமுறை மகளுக்குப் போன் செய்கிறார். ஆம்ப்ளிஃபயரும் ஒற்றை ஸ்பீக்கரும் அவள் வீட்டில்தான். இன்னொரு ஸ்பீக்கர் வாங்கலாமே என்று கணவன் ஒருமுறை கேட்டான். வயர் இரண்டு சிவப்பிலும் அப்படியே இருக்கிறது.