மருந்து நெடி

பந்தல்காரர்கள் கம்பம் ஊன்ற இடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுகிர்தா வாசலில் நின்றபடி, இறந்துபோன அண்ணனின் போனைக் காதில் வைத்திருந்தாள். போன மாசம் வலிப்பு வந்து மதுரையில் சேர்த்தபோது எடுத்த ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது என்றார் டாக்டரம்மா.

"எங்க அண்ணன் நேத்து சாயங்காலம் மறுபடியும் வலிப்பு வந்து தவறிட்டாக மேடம்."

டாக்டரம்மா தணிந்த குரலில் சொன்னார். அண்ணன் சங்கிலிமுத்துவின் மூளையில் ரத்தக்குழாய்கள் கொத்துக் கொத்தாகப் புடைத்திருந்ததற்கு மரபணுவில் உள்ள ஒரு பிழைதான் காரணம். கூடப்பிறந்தவர்களுக்கும் அது இருக்கலாம். பெற்ற பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இருந்தாலும் பயப்பட வேண்டாம், பலரை ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாது.

பார்க்கவும் வேண்டுமாம், பயப்படவும் வேண்டாமாம். சுகிர்தாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த இந்த ஏழாயிரம்பண்ணையில் தலைவலிக்கு யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. பட்டாசு மருந்தின் நெடி ஏறிவிட்டது என்று மோரைக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். கம்பெனியில் போர்மேனாக இருந்த அண்ணனும் வருஷக்கணக்கில் அப்படித்தான் படுத்தான். ஆனால் சுகிர்தா விருதுநகரில் வாக்கப்பட்டவள், கம்பெனி வாசலை மிதித்தவளே இல்லை. அவளுக்கு ஏன் மாசம் தவறாமல் மண்டை பிளக்கிறது? இத்தனை நாள் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

உள்ளே மதினி சண்முகத்தாய் அழுது ஓய்ந்து, மகள் அழகுமீனாவை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். எட்டாவது படிக்கிற பிள்ளை.

"அந்த மருந்துதான் சுகிர்தா அவுகளக் கொன்னுபோட்டுச்சு. இவள அந்தப் பக்கமே விடமாட்டேன். எம்பிள்ளைக்கு ஒண்ணும் வராதுல்ல?"

சுற்றியிருந்த பெண்கள் வராது வராது என்றார்கள். சண்முகத்தாய் அவர்களைப் பார்க்கவில்லை. போனில் யார் என்று சுகிர்தாவிடம் கேட்டாள்.

இன்றைக்கா சொல்வது? சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"ஆஸ்பத்திரில இருந்து மதினி. காரியம் முடியட்டும், பேசுவோம்."

அழகுமீனா முகத்தைத் தூக்கினாள். கண் வீங்கியிருந்தது.

"அத்தை, தலை வலிக்கு."

விடிந்ததிலிருந்து அழுத பிள்ளைக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும். வெறும் வயிறு வேறு. சண்முகத்தாய் யாரிடமோ காப்பி கேட்டாள். சுகிர்தா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள்.

"எங்கன வலிக்கு தாயி?"

அழகுமீனா நெற்றியையும் பிடரியையும் மாற்றி மாற்றித் தொட்டாள்.

வெளியே சங்கு ஊதினார்கள். அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்கு வரச்சொல்லி ஆள் கூப்பிட்டது. எல்லாரும் எழுந்தார்கள். சுகிர்தா வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.