சட்டைக் கை சொன்ன பதில்

பலூனை வெளியே எடுத்துவிட்டால் வால்வு மறுபடியும் குறுகிவிடாதா? மணலூர்பேட்டையில் கரும்பு பயிரிடும் ராஜாங்கத்துக்கு இது மட்டும் விளங்கவில்லை. விளங்கும்வரை மனைவி ஆண்டாளின் சிகிச்சைக்குச் சம்மதிக்கப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆண்டாள் வீட்டிலேயே துணி தைப்பவள். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வால்வு அவளுக்குப் பிறவியிலேயே குறுகல். கல்வராயன் மலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனால் பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். தொடையின் ரத்தக்குழாய் வழியாகச் சுருட்டிய பலூனை அனுப்பி, வால்வுக்குள் சில நொடி ஊதி, எடுத்துவிடலாம், மார்பைத் திறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

யோசித்தபடியே ராஜாங்கம் புதிய முழுக்கைச் சட்டையை மாட்டினார். விரல்கள் சட்டைக் கையின் நுனியில் முட்டி நின்றன.

"இன்னா புள்ள, கையோட வாயைச் சேர்த்துத் தச்சிருக்க!"

"மூச்சு வாங்கிக்கினே தச்சேங்க, ஓரம் மாட்டிக்கிச்சு. கையை மடக்கி ஒரு குத்து விடுங்க."

குத்தினார். தையல் படபடவென்று பிரிந்தது.

"இப்ப கையை எடுங்க. மூடிக்கிச்சா?"

"இல்லியே."

"என் வால்வுலயும் தொறந்து மூடுற இதழ்ங்க ஓரத்துல ஒட்டிக்கினுதான் இருக்குதாம்."

ராஜாங்கம் தையல் பிரிந்த சட்டையோடு சிரித்தார். "கெளம்பு, டாக்டரைப் பார்க்கலாம்."

பலூன் உள்ளேயே இருக்க வேண்டியதில்லை. ஒட்டிய ஓரங்களை அது பிரித்துவிட்டால் போதும், வால்வு தானே நன்றாகத் திறக்கும்.