சுவருக்கு அந்தப் பக்கத்து இலைகள்

என் கணவர் சுபஹானின் வலது கை உடைந்தது இலையால்தான். மண்வெட்டி பிறகு வந்தது. ஆகவே இலையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஆப்பிள் தோட்டமும் என் பெரியப்பா மகன் அஹதின் தோட்டமும் ஒரே மேட்டில் இருக்கின்றன. நடுவே இடுப்புயரக் கல்சுவர். என் அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. சுபஹானை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தவர் அவர்தான். கண்மூடுவதற்கு முன் தோட்டத்தை என் பேருக்கு எழுதிவைத்தவரும் அவர்தான். அஹதுக்கு இரண்டுமே தொண்டையில் சிக்கிய முள்.

இலையுதிரும் காலத்தில் மரத்தடியைக் கூட்டுவது இங்கே பெண்கள் வேலை. இலையைக் குவித்துக் கொளுத்தி, பாதி எரியும்போதே தண்ணீர் தெளித்து அணைத்தால் கரி கிடைக்கும். குளிர்காலம் முழுக்க ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரிக் கணப்புச் சட்டிக்கு அந்தக் கரிதான். கரிக்காகத்தான் கூட்டிக்கொண்டிருந்தோம். கரியோடு சேர்ந்து ஆப்பிளைப் பிடிக்கும் சொறி நோயும் வருடாவருடம் எரிந்துகொண்டிருந்தது என்பது, கூட்டுவது நின்றபோதுதான் தெரிந்தது.

நின்றது அஹதின் தோட்டத்தில். அவன் அடி தாங்காமல் அவன் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் கேஸ் ஹீட்டர் வாங்கிக்கொண்டான். கரியும் வேண்டியதில்லை, கூட்டவும் ஆள் இல்லை. இலைகள் விழுந்த இடத்திலேயே பனிக்கடியில் கிடந்தன.

அடுத்த வசந்தத்தில் மழை விட்டு விட்டுப் பெய்தது. எங்கள் மரங்களின் இளம் இலைகளில் பாசி நிறத்தில், தொட்டால் வெல்வெட் போலிருக்கும் புள்ளிகள் வந்தன. பிறகு காயில் ஏறின. காய் பருக்கப் பருக்கப் புள்ளி கருத்து, பொருக்குத் தட்டி, வெடித்தது. தவறாமல் மருந்து அடித்தும் நிற்கவில்லை. ஆப்பிள் பெட்டி வாங்க வந்த வியாபாரி ஒரு காயைக் கையில் எடுத்துப் பார்த்து, கீழே வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனார். இன்னொரு வருடம் இப்படிப் போனால் தோட்டத்தை விற்பதைத் தவிர வழியில்லை. விற்றால் வாங்கப்போவது யார் என்பதை அஹத் கடைத்தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நோய் சுவரோரத்து வரிசைகளில்தான் அடர்த்தி, தள்ளிப் போகப் போகக் குறைவு என்பதைச் சுபஹான் கவனித்திருந்தார். இந்த வருடம் பனி உருகியதும் சுவருக்கு மேல் குனிந்து அஹத் பக்கத்து இலை ஒன்றை எடுத்துத் திருப்பினார். அழுகிய இலை முழுக்கக் கடுகை விடச் சிறிய கரும்புள்ளிகள்.

“எல்லாம் இங்கதான் படுத்திருக்கு. மழைக்குக் காத்துக்கிட்டிருக்கு” என்றார்.

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் அஹதைப் பிடித்தார். நானும் ரொட்டிக்கு நின்றிருந்தேன்.

“பாய்ஜான், உங்க மரத்தடி இலைய இந்த வாரமே அள்ளிடலாமா? மொட்டு பச்சை காட்டுது. மழை விழுந்தா அந்த இலையில இருந்து நோய் கிளம்பி ரெண்டு தோட்டத்துக்கும் ஏறிடும்.”

“இலை அள்ளப் பொம்பள வேணும்” என்றான் அஹத். “எங்க வீட்ல இல்ல. உங்க வீட்லதான் ரெண்டு பேர் இருக்கீங்களே.”

கடையில் சிரித்தார்கள். ரொட்டிக்காரர் காதர் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினார். “ஏன் அஹத், உனக்குச் சோறு யாரு வடிக்கிறா? அதுவும் பொம்பள வேலைதானே?”

“ஓட்டல்காரன் வடிக்கிறான். அவனுக்கு மீசை இருக்கு.”

சுபஹான் குரலை உயர்த்தவில்லை. “நாங்களே வந்து அள்ளிக்கிறோம். நீங்க சும்மா இருந்தாப் போதும்.”

“என் சுவத்தைத் தாண்டிப் பாரு, மாப்ளே. திரும்பிப் போறதுக்குக் கால் இருக்காது.”

அன்றே மேற்கு மலைக்கு மேல் மேகம் கட்டியது. மொட்டு பச்சை விடும்போது அடிக்கவேண்டிய நீலநிறச் செப்பு மருந்தைப் பீப்பாயில் கரைத்து மோட்டாரை ஓட்டினோம். சுவரோர வரிசைக்கு நான் அடித்துக்கொண்டிருந்தேன். சுபஹான் மேகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு இலைவாரியை எடுத்துக்கொண்டு தாண்டிக் குதித்துவிட்டார்.

அவர் முதல் குவியலைச் சேர்த்து முடிப்பதற்குள் அஹத் மண்வெட்டியோடு வந்தான். ஓங்கி வாரியின் காம்பில் இறக்கினான். காம்பு முறிந்து, அதைப் பிடித்திருந்த கையிலும் விழுந்தது. மோட்டார் சத்தத்தையும் மீறி எலும்பு முறியும் ஒலி எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி முதுகில். சுபஹான் இலைக்குவியலின் மேல் முகம் குப்புற விழுந்தார். அஹத் அவர் பிடரியில் காலை வைத்து அந்த ஈர இலைக்குள் அழுத்தினான்.

“தின்னு. இதுக்குத்தானே வந்த. நல்லா தின்னு.”

“பாய்ஜான், விடுங்க அவர” என்று கத்தினேன்.

விட்டான். விட்டுவிட்டு எங்கள் பக்கம் தாண்டி வந்தான். விறகுக் கட்டையில் குத்தியிருந்த எங்கள் கோடரியையே பிடுங்கினான். “மரம் இருக்கிறதுனாலதானே இவ்வளவு பேச்சு” என்று அப்பா வைத்த முதல் மரத்தில் வெட்டினான். பட்டை தெறித்தது. மறுபடி வெட்டினான். வெள்ளைச் சதை தெரிந்தது. மூன்றாவது முறை ஓங்கியபோது அவன் முகம் என் பக்கம் திரும்பியது.

மருந்துக் குழாய் என் கையில் இருந்தது. முழு அழுத்தத்தில் அவன் கண்ணுக்கு நேரே திறந்தேன்.

கோடரி விழுந்தது. கைகளால் முகத்தைப் பொத்தினான், விரலிடுக்கில் அடித்தேன். வாயைத் திறந்தான், வாயிலும் அடித்தேன். அவன் மண்டியிட்டு, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, நீலச் சேற்றில் புரளும்வரை குழாயை மூடவில்லை. மூடியபின் கோடரியை எடுத்துக்கொண்டேன்.

“ஹாஜ்ரா” என்று துழாவினான். “எரியுது. தண்ணி.”

மருந்து கரைக்கக் கொண்டுவந்த தண்ணீர் குடம் நிறைய என் காலடியில் இருந்தது.

“இலைய அள்ளலாமா?” என்றேன்.

“தண்ணி ஊத்துடி முதல்ல.”

“இலைய அள்ளலாமா, பாய்ஜான்?”

ரொட்டிக்கடையில் பேசிய நாக்கு சிறிது நேரம் வெறுமனே முனகியது. சுவருக்கு அப்பால் சுபஹான் எழுந்து உட்கார்ந்து, தொங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு, இலைத்துணுக்கைத் துப்பிக்கொண்டிருந்தார்.

“அள்ளு” என்றான் அஹத். “எல்லாத்தையும் அள்ளிட்டுத் தொலை.”

குடத்தை அவன் முகத்தில் கவிழ்த்தேன்.

சத்தம் கேட்டு காதரும் இன்னும் சிலரும் ஓடிவந்தார்கள். இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். “நீயும் ஏறும்மா, புருஷனுக்குக் கை போயிருக்கு” என்றார் காதர்.

“நீங்க இருக்கீங்கல்ல. எனக்கு இங்க வேலை இருக்கு.”

காதர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. சுபஹான் வண்டிக்குள்ளிருந்து, “மேகத்தைப் பாரு, ஹாஜ்ரா. சுவரோரத்துல இருந்து ஆரம்பி” என்றார்.

உடைந்த வாரியைத் துணியால் கட்டிக்கொண்டு அள்ளினேன். ஈர இலை எளிதில் எரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன். இந்த முறை கரிக்காக இல்லை, சாம்பலாகும் வரை. அவன் தோட்டத்துக் கிழக்கோர வரிசைகளுக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மொட்டு சிவக்கும்போதும் பூவிதழ் கொட்டும்போதும் சுபஹானின் செருப்பை மாட்டிக்கொண்டு நானே மருந்தடித்தேன். அவர் கட்டுப்போட்ட கையோடு பீப்பாயைக் கலக்கினார். எங்கள் கிழக்கு மூலையில் சில மரங்களில் சொறி வந்தது. மற்ற மரங்களில் காய் சுத்தம். போன வருடத்து வியாபாரி இந்த வருடம் தேநீர் குடித்தார். சுபஹானின் இரண்டு விரல்கள் இனி மடங்காது. அஹதின் இடது கண் வெளுத்துவிட்டது. போலீசுக்கு இரு பக்கமும் போகவில்லை. கோடரி பட்ட மரம் பிழைத்தது; காயத்துக்குச் சாணியும் மண்ணும் பூசியிருக்கிறோம்.

இப்போது மறுபடி இலை உதிர்கிறது. நேற்று எங்கள் பக்கத்தை முடித்துவிட்டு, ஒரு கையில் வாரியும் ஒரு கையில் கோடரியுமாகச் சுவரைத் தாண்டினேன். அஹத் அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கோடரியைப் பார்த்தான். நான் அதைக் கைக்கெட்டும் தூரத்தில் மரத்தில் சாய்த்துவிட்டு அள்ளத் தொடங்கினேன்.

வெகுநேரம் அள்ளியபின் அவன் அருகே போனபோது, “போன தடவ கிழக்கோரத்த விட்டுட்ட” என்றான்.

“மழை வந்துடுச்சு.”

“என் மரமும் அங்கதான் சொறி பிடிச்சுது.”

வாரியை அவன் முக்காலிக்கு அடியில் நீட்டினேன். நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டான். அடியில் கிடந்த இலைகளை இழுத்துக்கொண்டேன்.