ரோகிணி டீச்சரின் அளவு

படாளம் கூட்டு ரோட்டில் ரெஜினாவின் தையல் கடைக்கும் பூங்கொடியின் நெட் சென்டருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பிளைவுட் தட்டிதான். இந்தப் பக்கம் மெஷின் ஓடுவது அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் யாராவது ஆதாரில் பெயர் தப்பாகிவிட்டதென்று புலம்பினால் இந்தப் பக்கம் ரெஜினா உச்சுக் கொட்டுவாள். இப்படித் தட்டி வழியே பேசிப் பேசியே ரெஜினாவின் கடைக்கு ஒரு வெப்சைட் வந்து சேர்ந்தது.

கல்பாக்கத்திலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் ஜாக்கெட் தைத்துத் தரச் சொல்லி ரெஜினாவுக்கு ஃபோன் வந்துகொண்டே இருக்கும். அவள் புருஷன் ஜான்சன் தினமும் லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குப் போகிறவன். போகும்போது தைத்ததைக் கொடுத்து, திரும்பும்போது துணியை வாங்கி வந்துவிடுவான். அளவுதான் சிக்கல். அங்கே முப்பத்தாறு என்று சொன்னால் இங்கே முப்பத்தேழு என்று காதில் விழும். பூங்கொடி நான்கு நாள் உட்கார்ந்து சைட் செய்துவிட்டாள். எங்கெங்கே டேப்பைப் பிடிக்க வேண்டும் என்று காட்டும் படம், அளவுகளை நிரப்பக் கட்டங்கள், கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று ஒரு பெட்டி.

அந்தப் பெட்டியில் பெண்கள் மனசையே கொட்டினார்கள். "போன வாட்டி அக்குள்ல கடிச்சிது" என்று ஒருத்தி. "நாத்தனார் கல்யாணம், அவளுதவிட நல்லா இருக்கணும்" என்று இன்னொருத்தி. ரெஜினா அதையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டே தைத்தாள். பத்து மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது.

ஒரு புதன்கிழமை மத்தியானம், வெயிலில் முகம் சிவந்த ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெஜினா யாரு?"

"நான்தாங்க. இன்னா வேணும்?"

"நான் ரோகிணி. கல்பாக்கம் பக்கத்துல டீச்சர். போன வாரம் உங்க சைட்ல ஆர்டர் குடுத்தேன்."

ரெஜினாவுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மயில் கழுத்து நிறத்துத் துணி. "அட டீச்சர், வாங்க வாங்க. உங்களுது நாளைக்கி ரெடி ஆயிடும்."

"நான் மாசமா இருக்கறத யார்கிட்ட சொன்னீங்க?"

ரெஜினாவின் கால் மெஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. கடைசிப் பெட்டியில் ரோகிணி எழுதியிருந்தது இதுதான்: 'மாசமா இருக்கேன். பிரிச்சு விட்டுக்கற மாதிரி உள்ள துணி விட்டுத் தைங்க.' படித்தபோது ரெஜினா மனசுக்குள் வாழ்த்தினாள். அவ்வளவுதான்.

"சத்தியமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல டீச்சர். எங்க வூட்டுக்காரர்கிட்டகூட சொல்லல."

"அப்ப ஸ்டாஃப் ரூம்ல ஜாய்ஸுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றாள் ரோகிணி. "ஜாக்கெட் தைக்கறதுக்குன்னு உங்க சைட்டத் தொறந்திருக்கா. 'வணக்கம் ரோகிணி'ன்னு வந்துதாம். கீழ என் அளவு எல்லாம், நான் எழுதுனது மொத்தமும். அவ சந்தோஷத்துல கத்திட்டா. ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கறவங்க என் மாமியாருக்குச் சொந்தம். நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள ஃபோன் போயிடுச்சு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குச் சொல்லலியேன்னு மாமியார் மூணு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல."

தரையைப் பார்த்தபடி சொன்னாள். "இதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி நிக்கல. அதான் அஞ்சாம் மாசம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு இருந்தோம்."

தட்டிக்கு அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றுபோயிருந்தது. பூங்கொடி எட்டிப் பார்த்தாள். "டீச்சர், நீங்க ஆர்டர் போட்டது ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர்லயா?"

"ஆமா."

பூங்கொடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இங்க வந்து பாரு."

தன் கடையின் பொதுக் கம்ப்யூட்டரில் சைட்டைத் திறந்தாள். 'வணக்கம் பூவாயி' என்றது திரை. போன வாரம் இதே கம்ப்யூட்டரில் பூங்கொடியின் உதவியோடு நிரப்பிய வாடிக்கைக்காரி பூவாயியம்மாளின் மார்பளவு, இடுப்பளவு, வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்கிற தகவல், எல்லாம் வரிசையாக நின்றன. ரெஜினாவுக்கு உடம்பு கூசியது. யாரோ ஒருத்தியை நடுரோட்டில் நிறுத்தி டேப் பிடித்த மாதிரி இருந்தது.

"இன்னாடி இது?"

"குக்கின்னு சொல்லுவாங்கக்கா. சைட்டுக்கு வர்றவங்க மெஷின்ல ஒரு துண்டுச் சீட்டு வச்சுட்டு வர்ற மாதிரி. அடுத்த வாட்டி வந்தா அந்தச் சீட்டப் பாத்து, அட நீங்களான்னு பழைய அளவ எடுத்துக் குடுக்கும். திரும்பத் திரும்ப டைப் அடிக்க வேணாமேன்னு நான்தான் வச்சேன்."

"நீ ஆளுக்கா சீட்டு வச்ச? மெஷினுக்கு வச்சிகீற. அந்த மெஷின்ல யார் குந்தினா இன்னான்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

பூங்கொடி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"மொதல்ல இத மூடு. இப்பவே."

பூங்கொடி மூடினாள். ரெஜினா ரோகிணியிடம் திரும்பினாள். சாக்குச் சொல்ல வாய் வரவில்லை. "தப்பு எங்களுதுதான் டீச்சர். மன்னிச்சிக்கோங்க. நான் இன்னா பண்ணணும், நீங்களே சொல்லுங்க."

"என்னைப் பத்தி இருக்கற எல்லாத்தையும் அழிங்க. என் கண்ணு முன்னாடி."

ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று ரெஜினா நினைத்தாள். சைட்டின் பட்டியலில் இருந்தது. பூங்கொடியின் மெயிலுக்கு ஒரு நகல் போயிருந்தது. அதை அவள் ரெஜினாவின் வாட்ஸப்புக்கு அனுப்பியிருந்தாள். வாரம் ஒருமுறை பத்திரத்துக்கென்று எடுக்கும் பென்டிரைவில் இன்னொன்று. ரோகிணி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். கடைசியாக ரெஜினாவின் மேசைமேல் வெட்டி வைத்திருந்த மயில் கழுத்துத் துணியைப் புரட்டினாள். குண்டூசியில் குத்தியிருந்த காகிதத்தில் ரெஜினாவின் கையெழுத்தில் அதே அளவு, அதே வரி.

"அஞ்சு" என்றாள்.

நான்கை அழித்தார்கள். காகிதத்தை ரெஜினா கிழித்துப்போட்டாள். பொதுக் கம்ப்யூட்டரிலிருந்த பூவாயியம்மாளின் சீட்டையும் பூங்கொடி துடைத்தாள். ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் இருப்பதை எப்படி நீக்குவது என்று ரோகிணியின் ஃபோனில் படிப்படியாக எழுதிக் கொடுத்தாள். அதற்குள் ரெஜினா எதிர்க்கடையிலிருந்து மோரும் இரண்டு வடையும் வாங்கி வந்திருந்தாள். ரோகிணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து இரண்டு வடையையும் சாப்பிட்டாள்.

வயிறு நிறைந்ததும் அவளுக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும். பஸ்ல வரும்போது உங்க சைட்ல தனியுரிமைக் கொள்கைன்னு ஒரு பக்கம் படிச்சேன். 'எங்கள் காலணிகளை நீங்கள் வாங்கும்போது'ன்னு இருக்கு. நீங்க செருப்பு விக்கறீங்களா?"

ரெஜினா பூங்கொடியைப் பார்த்தாள். பூங்கொடி மின்விசிறியைப் பார்த்தாள். ஏதோ வெளிநாட்டுச் செருப்புக் கடையின் பக்கத்தை அப்படியே எடுத்துத் தமிழாக்கிப் போட்டிருந்தாள். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம்.

முதலில் ரோகிணிதான் சிரித்தாள். அப்புறம் மூன்று பேருக்கும் நிற்கவில்லை.

"அந்த ஃபாரத்த பிரிண்ட் எடுங்க" என்று சொல்லி ரோகிணி கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். "பிறந்த தேதி எதுக்கு?"

"வாழ்த்து அனுப்பலாம்னு…" என்று இழுத்தாள் பூங்கொடி.

"யாருக்காச்சும் அனுப்பினியாடி?" என்றாள் ரெஜினா.

"இல்லக்கா."

சிவப்புக் கோடு விழுந்தது. வீட்டு முகவரி எதற்கு, ஜான்சன் நிற்கிற நிறுத்தத்தின் பெயர் போதாதா? இன்னொரு கோடு. புருஷன் பெயர்? அது எதற்கென்று பூங்கொடிக்கே தெரியவில்லை. எந்த ஊரிலிருந்து யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று எண்ணும் ஒரு நிரலும் சைட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மாதமாக அந்தக் கணக்கை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுவும் போனது.

"புதுசா ஒரு பக்கம் எழுதுங்க" என்றாள் ரோகிணி. "நீங்க பேசற மாதிரியே எழுதுங்க."

ரெஜினா பள்ளியை விட்டபின் பில்லையும் அளவையும் தவிர எதுவும் எழுதியதில்லை. இரண்டு நாள் பேனாவைக் கடித்து, மெஷினில் உட்கார்ந்தபடியே எழுதினாள்:

'உங்க அளவும் ஃபோன் நம்பரும் தைக்கறதுக்கு மட்டும்தான். ரெஜினா பார்ப்பாள். கம்ப்யூட்டர் வேலைக்காகப் பூங்கொடி பார்ப்பாள். வேற யாரும் பார்க்க மாட்டாங்க. ஜாக்கெட் உங்க கைக்கு வந்து பதினஞ்சு நாள் ஆனதும் அழிச்சிடுவோம். ஞாபகம் வச்சுக்கணும்னா நீங்களே சரின்னு டிக் பண்ணுங்க. அடுத்தவங்க ஃபோனு, ஆபீஸ் கம்ப்யூட்டருன்னா டிக் பண்ணாதீங்க. அழிக்கணும்னா ஒரு ஃபோன் போதும், ஏன்னு கேக்க மாட்டோம்.'

பூங்கொடி எழுத்துப் பிழையை மட்டும் திருத்திச் சைட்டில் ஏற்றினாள். அதோடு பழைய ஆர்டர் கொடுத்த அத்தனை பேருக்கும் நடந்ததைச் சொல்லி ரெஜினாவே ஃபோன் செய்தாள். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருத்தி அப்புறம் வரவேயில்லை. பூவாயியம்மாளின் வருத்தம் வேறு மாதிரி. "மறுபடி மறுபடி நம்பர் அடிக்கச் சொன்னா பேஜாரா கீதும்மா. என் அளவ யார் பாத்து இன்னா பண்ணப் போறான்?" என்றாள். அவளுக்கு மட்டும் பூங்கொடி பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தாள்.

ஜாய்ஸ் இனிப்பு டப்பாவோடு ரோகிணியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாளாம். மாமியாரின் கோபம், மருமகளுக்கு அவரே மாங்காய்த் தொக்கு செய்து கொடுத்த அன்று தீர்ந்ததாம். இதெல்லாம் ஜான்சன் கொண்டுவந்த சேதிகள். ஐந்தாம் மாதம் தாண்டியது. குழந்தை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த அன்று ரெஜினா கடையை மூடிவிட்டுச் சர்ச்சுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

ஏழாம் மாதம் ஒரு வியாழக்கிழமை ஃபோன் வந்தது.

"நான் ராகவன், ரோகிணியோட வீட்டுக்காரர். வளைகாப்புக்கு அவளுக்குத் தெரியாம ஒரு பட்டு ஜாக்கெட் தைக்கணும். அவ அளவு உங்ககிட்ட இருக்கும்ல, அத வச்சுத் தச்சுடுங்க."

"எங்கிட்ட இல்லீங்க. அழிச்சிட்டோம். இருந்தாலும் அவங்களக் கேக்காம குடுக்க மாட்டேங்க."

"ஏங்க, நான் அவ புருஷங்க!"

"தெரியுதுங்க. அளவு அவங்களுதாச்சே."

ராகவன் அலுத்துக்கொண்டே, "சரி, அவளோட அளவு ஜாக்கெட் ஒண்ண எடுத்துட்டு ஞாயித்துக்கெழம நேர்ல வர்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவன் கடைப் படியேறினான். சட்டைக்குள் நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் திருட்டுப் பொருள் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே கை இரண்டையும் அகல விரித்து நின்று, ரெஜினா டேப் பிடிக்கக் காத்திருந்தாள் ரோகிணி.

"நீ இங்க என்ன பண்ற? ஜாய்ஸ் வீட்டுக்குப் போறேன்னு சொன்ன!"

"வளைகாப்புக்கு ஒரு ஜாக்கெட் தச்சு உங்கள அசத்தலாம்னு வந்தேன். நீங்க செங்கல்பட்டுக்குப் போறேன்னு சொன்னீங்களே!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரெஜினாவைப் பார்த்தார்கள். "ஏங்க, இவ வர்றான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் ராகவன்.

"அவங்க வர்றத நான் எதுக்குங்க உங்ககிட்ட சொல்லணும்?" என்றாள் ரெஜினா, வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு.

தட்டிக்கு அந்தப் பக்கம் பூங்கொடி சிரிக்கும் சத்தம் கேட்டது. ராகவன் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டான். ரோகிணி பேப்பரைப் பிரித்து, உள்ளே தன் அளவு ஜாக்கெட்டோடு மடித்து வைத்திருந்த பச்சைப் பட்டுத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"துணி சூப்பர்ங்க" என்றாள். "ஆனா இந்த பச்சைக்கு பார்டர் மாத்திடலாம்."